கருநீல நூலும் கூந்தன்குளத்து வாத்துகளும்

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு பெண்ணுக்குக் கருநீல ரவிக்கையைக் கறுப்பு நூலில் தைத்துக் கொடுத்துவிட்டேன். கல்யாண வீட்டில் வெயிலில் நின்றபோதுதான் தையல் வரிவரியாகத் தெரிந்திருக்கிறது. திருப்பிக் கொண்டுவந்து காட்டினார். ஜன்னல் பக்கம் போய்த் துணியையும் நூலையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்தேன். என் கண்ணுக்கு அப்போதும் இரண்டும் ஒரே நிறம்தான். பாளையங்கோட்டையில் 26 வருடமாகத் தைக்கிறேன். நூல் எடுப்பதில் எனக்குத் தவறியதே இல்லை. அன்றைக்கு ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

கண் ஆஸ்பத்திரிக்குப் போனால் இரண்டு கண்ணிலும் புரை என்றார்கள். எனக்கு 11 வருடமாகச் சர்க்கரை இருக்கிறது, அதனால் 49 வயதிலேயே வந்துவிட்டது. கண்ணுக்குள் இருக்கிற லென்ஸ் மெல்ல மஞ்சளாகிப் பழுப்பாகும்போது நீல நிறம்தான் அதிகமாக அடைபடும் என்று டாக்டர் விளக்கினார். ஒரே நாளில் வந்திருந்தால் கண்டுபிடித்திருப்பேன். வெள்ளைத் துணியில் தேத்தண்ணிக் கறை ஏறுகிற மாதிரி வருடக்கணக்கில் ஏறியதால், உலகத்தின் நிறமே இதுதான் என்று இருந்துவிட்டேன்.

முதலில் வலது கண். கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது. மறுநாள் காலையில் கட்டைப் பிரித்ததும் நான் பார்த்தது கட்டிலில் விரித்திருந்த வெள்ளை விரிப்பு. வெள்ளைக்குள் இத்தனை நீலம் இருக்கும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. வலது கண்ணை மூடிக்கொண்டு இடது கண்ணால் பார்த்தால் அதே விரிப்பு, மஞ்சள்தூள் தட்டிய மோர் மாதிரி. வீட்டுக்கு வந்து முதல் வேலையாக நூல் பெட்டியைத் தரையில் கொட்டினேன். கறுப்பு என்று ஒதுக்கி வைத்திருந்த கண்டுகளில் 9 கருநீலம், 3 கரும்பச்சை, ஒன்று காப்பிக்கொட்டை நிறம். அந்தப் பெண்ணின் ரவிக்கையைப் பிரித்து, சரியான நூலில் மறுபடி தைத்துக் கொடுத்தேன்.

அந்த நாட்களில் வாழைக்காய்த் தோலைக்கூடக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஆனால் இரண்டு மாதம் கழித்து இடது கண்ணுக்கும் முடிந்தபோது, எல்லாம் பழகிவிட்டது. வானம் வானமாகிவிட்டது. திரும்பக் கிடைத்த ஒன்றை இவ்வளவு சீக்கிரம் கவனிக்காமல் விட முடியும் என்பது, புரை விழுந்ததைவிட எனக்குப் பயமாக இருந்தது. நான் சைக்கிள் ஓட்ட ஆரம்பித்தது அதனால்தான். சர்க்கரைக்கு நல்லது என்று சொல்லித்தான் வீட்டில் கிளம்பினேன், அதுவும் உண்மைதான்.

மகள் 11ஆம் வகுப்பு படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் கொடுத்த விலையில்லா மிதிவண்டி, அவள் கல்லூரிக்குப் போனதிலிருந்து மாடிப்படிக்குக் கீழே நின்றது. கியர் கிடையாது. டயர், டியூப், பிரேக் கட்டை மாற்றி, செயினுக்கு எண்ணெய் போட்டதும் ஓடியது. நான் முதலில் செய்த தவறு சீட் உயரம். கால் தரையில் நன்றாக ஊன்ற வேண்டும் என்று தாழ்வாக வைத்திருந்தேன். ஒரு வாரத்தில் முட்டி வலி. மிதி கீழே இருக்கும்போது கால் கிட்டத்தட்ட நீண்டு, முட்டி லேசாக மட்டும் மடங்க வேண்டும் என்று கடைக்காரர் ஏற்றிவிட்டார். வலி நின்றது. ஓட்ட ஆரம்பிக்கிற என் வயதுக்காரர்களுக்கெல்லாம் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

டாக்டர் சரி என்று சொல்லும்வரை ஓட்டவில்லை. இன்றைக்கும் பக்கவாட்டை மூடுகிற கண்ணாடி போடாமல் ஏறுவதில்லை. நம் ஊர்ச் சாலையில் தூசியும் பூச்சியும் நேராகக் கண்ணுக்குத்தான் வரும். ஐப்பசி மழை ஓய்கிற நாட்களில் மகாராஜநகரைச் சுற்றி 4 கிலோமீட்டர், அப்புறம் 8, மார்கழியில் சீவலப்பேரி வரை போய்வருவது என்று கூட்டிக்கொண்டே போனேன். காலையில் போடும் மாத்திரையை ஓட்டும் நாளில் எப்படி எடுப்பது என்று டாக்டரிடம் கேட்டுக்கொண்டேன். சர்க்கரை உள்ளவர்கள் வெறும் வயிற்றில் கிளம்பவே கூடாது. கை நடுங்கி, வியர்த்து, மனது காரணமில்லாமல் எரிச்சலானால் அது களைப்பு இல்லை, சர்க்கரை இறங்குகிறது. உடனே நிறுத்தி இனிப்பாக எதையாவது சாப்பிட வேண்டும். என் பையில் கடலை மிட்டாயும் குளுக்கோஸ் பாக்கெட்டும் எப்போதும் இருக்கும்.

பறவை பார்க்கக் கூந்தன்குளம் போகலாம் என்று சொன்னது என் தம்பி மகன். நாங்குநேரி வட்டாரத்தில், எங்கள் வீட்டிலிருந்து மூலைக்கரைப்பட்டி வழியாக 35 கிலோமீட்டர் போல. அவ்வளவு பக்கத்தில் இருந்தும் நான் போனதே இல்லை. குளத்தில் தண்ணீர் நிற்கும் தை, மாசியில்தான் போக வேண்டும் என்றான். பொங்கல் கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் 4.30 மணிக்குக் கிளம்பினோம். அவனிடம் கியர் சைக்கிள், ஹேண்டிலில் போன், அதில் ஓடுகிற வேகத்தையும் தூரத்தையும் காட்டும் செயலி. என்னிடம் முன்னால் ஒரு விளக்கு, பின்னால் ஒரு சிவப்பு விளக்கு, முதுகுப் பையில் நானே தைத்த ஒளிர் பட்டை. இருட்டில் போகிறவர்கள் இந்தப் பட்டைக்குச் சோம்பல்படக்கூடாது. மீட்டர் கணக்கில் வாங்கி எந்தப் பையிலும் தைத்துவிடலாம், நூறு ரூபாய்கூட ஆகாது.

ஊர் விளக்குகள் முடிந்ததும் விளக்கை அணைத்துவிட்டு இரண்டு நிமிடம் நிற்கலாம் என்றேன். சாலை நேர் தெற்கே போகிறது. இரண்டு பக்கமும் பனைகள். சாலை முடியும் இடத்துக்கு நேர் மேலே, அடிவானத்திலிருந்து சற்று உயரத்தில், பட்டம் மாதிரி 4 நட்சத்திரங்கள்.

"அத்தை, அதுதான் திரிசங்கு" என்றான் தம்பி மகன். "நம்ம ஊர் தெற்கே இருக்கிறதால இவ்வளவு மேலே தெரியுது. டெல்லியிலெல்லாம் அடிவானத்துக்கு மேலே வரவே சிரமம்."

தை மாதம் விடியற்காலை 5 மணி வாக்கில் அது சரியாகத் தெற்கில் நிற்கும் என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன். புரை இருந்தபோது ராத்திரி விளக்குகளைச் சுற்றி எனக்கு வட்டம் வட்டமாகத் தெரியும். நட்சத்திரம் என்று எதையும் பல வருடமாகப் பார்த்ததே இல்லை. இப்போது ஊசிக்குத்து மாதிரி, ஒவ்வொன்றும் தனித்தனியாக. கறுப்புத் துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஊசி போன இடமெல்லாம் தெரியுமே, அப்படி. அழுதேன். அவன் ஒன்றும் கேட்கவில்லை, தண்ணீர் பாட்டிலை மட்டும் நீட்டினான்.

கிழக்கு வெளுத்து, மூலைக்கரைப்பட்டி தாண்டிக் குளத்துக்கு 2 கிலோமீட்டர் இருக்கும்போது என் பின்சக்கரம் தளர்ந்தது. உடை முள். சீமைக்கருவேலத்தை எங்கள் பக்கம் உடை என்போம். சாலையோரம் வெட்டிப்போட்ட கிளையில் ஏற்றியிருக்கிறேன். பஞ்சர் சாமான் கையில் இருந்தது. ஆனால் அங்கேயே உட்கார்ந்து ஒட்டினால் சூரியன் ஏறிவிடும், பறவை பார்க்கிற நேரம் போய்விடும். தள்ளிக்கொண்டே போவோம் என்றேன். "ஆவரேஜ் போச்சு அத்தை" என்று சொல்லிவிட்டு அவனும் இறங்கினான். கொஞ்ச தூரத்தில் செயலியை அவனே அணைத்துவிட்டான்.

ஓட்டிக்கொண்டு போயிருந்தால் எனக்கு அந்தக் கால்வாய் தெரிந்திருக்காது. பாலத்தடியில் சத்தமில்லாமல் தண்ணீர் போனது. இது மணிமுத்தாறு அணைத் தண்ணீர், கால்வாய் வழியே இந்தக் குளத்துக்கு வருகிறது என்றார் வயலுக்குப் போய்க்கொண்டிருந்த ஒருவர். மேற்குத் தொடர்ச்சி மலையில் பெய்த மழை, அணையில் தங்கி, யாரோ ஒருவர் ஷட்டரைத் திறந்து, இத்தனை ஊர் வயல்களைத் தாண்டி இங்கே வந்து நிற்கிறது. அது நிற்பதால்தான் பறவை இறங்குகிறது. இப்படி ஒரு சங்கிலியாக அதை நான் அதுவரை நினைத்துப் பார்த்ததில்லை.

குளக்கரைக்குப் போனதும் கிழக்கே சூரியன் முதுகில் படும்படி நின்றோம். இதைக் கவனிக்காமல் போனால் பறவையெல்லாம் கறுப்பு நிழலாகத்தான் தெரியும், நிறமே கிடைக்காது. நல்லவேளையாக நான் மண் நிறச் சுடிதார் போட்டிருந்தேன். பளிச்சென்ற நிறத்தைப் பார்த்தால் பறவைகள் விலகிப்போகும் என்று தம்பி மகன்தான் முந்தின நாளே சொல்லியிருந்தான். கரையை விட்டு உள்ளே இறங்கவில்லை. நாம் நல்ல படம் எடுக்க நெருங்கி, அவை ஒரு தடவை எழும்பிப் பறந்தால், தின்று சேர்த்ததில் ஒரு பங்கு அதற்கே போய்விடும்.

முதல் 5 நிமிடம் தண்ணீரும் நாணலும்தான். சும்மா நிற்பது எனக்குக் கஷ்டமாக இருந்தது. என் தொழிலில் கை சும்மா இருந்ததே இல்லை. 10 நிமிடம் கழித்துத்தான் கண் வேலை செய்ய ஆரம்பித்தது. கிளை என்று நினைத்தது பாம்புத்தாரா. தூரத்தில் வெள்ளைத் திட்டு என்று நினைத்தது பூநாரைக் கூட்டம், தலையைக் கவிழ்த்துத் தண்ணீரை அரித்துக்கொண்டிருந்தது. அதற்கப்பால் கூழைக்கடாக்கள். எங்கே போனாலும் குறைந்தது 20 நிமிடம் ஒரே இடத்தில் நிற்பது என்று அன்றைக்கு வைத்த கணக்கை இன்றுவரை மாற்றவில்லை.

அப்போது வடக்கே ஒரு சத்தம், மூக்கால் பேசுவது போல. கோணல்மாணலாக ஒரு வரிசை வந்தது. ராத்திரியெல்லாம் வயலிலும் புல்வெளியிலும் மேய்ந்துவிட்டு, பகலில் ஓய்வெடுக்கக் குளத்துக்குத் திரும்பும் வரித்தலை வாத்துகள். எங்கள் தலைக்கு மேலே வட்டமடித்து இறங்கின. சாம்பல் உடம்பு. வெள்ளைத் தலையில் இரண்டு கறுப்புப் பட்டை, பட்டை முடியும் இடத்தில் பிசிறே இல்லை. நான் ஓரம் அடித்தால் அவ்வளவு சுத்தமாக வராது. அலகும் காலும் ஆரஞ்சு.

தம்பி மகன் போனில் தேடித் தாழ்ந்த குரலில் வாசித்துக் காட்டினான். மத்திய ஆசியாவில், திபெத், மங்கோலியா மேட்டுநிலங்களில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்து, குளிர்காலத்துக்கு இமயமலையைத் தாண்டி வருகின்றன. கருவி கட்டிப் பார்த்ததில் 7,000 மீட்டருக்கு மேலேயும் பறந்திருக்கின்றன. அந்த உயரத்தில் காற்றே பாதிக்கும் கீழ்; இவற்றின் ரத்தம் கிடைக்கிற கொஞ்ச ஆக்சிஜனையும் இறுகப் பிடித்துக்கொள்ளும். இதைவிட எனக்கு அதிசயமாகத் தோன்றியது வேறு. ஒரேயடியாக மேலே ஏறி அப்படியே தாண்டுவதில்லையாம். மலை ஏறினால் ஏறி, பள்ளத்தாக்கு வந்தால் இறங்கி, மறுபடி ஏறி, நிலத்தின் மேடுபள்ளத்தை ஒட்டியே பறக்கின்றன. இறங்குவது வீண் என்று நமக்குத் தோன்றும். மெல்லிய காற்றில் உயரத்தைப் பிடித்துக்கொண்டே இருப்பதைவிட அதில்தான் பலம் மிச்சமாகிறது. பெரும்பாலும் ராத்திரியிலும் விடியற்காலையிலும், காற்று குளிர்ந்து அடர்த்தியாக இருக்கும்போது தாண்டுகின்றன.

அவ்வளவு தூரம் வந்த பறவை 50 அடி தள்ளித் தண்ணீரில் இறங்கி, இறகைக் கோதிக்கொண்டிருக்கிறது. எனக்குக் கை தானாகக் கும்பிட்டது.

சைக்கிளை ஊருக்குள் தள்ளிக்கொண்டு போனோம். வேப்பமரம், புளியமரம் எல்லாவற்றிலும் கூடு. மஞ்சள் மூக்கு நாரைகள் வீட்டு ஓட்டுக்கு மேலேயே குச்சி அடுக்கிக்கொண்டிருந்தன. ஒரு வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்த ஆச்சி என் சக்கரத்தைப் பார்த்தார்.

"காத்து எறங்கிட்டா? வா தாயி, இங்கன நிழல்ல உக்காந்து ஒட்டு."

"ஆச்சி, ஒரு சட்டியில கொஞ்சம் தண்ணி தருவியளா?"

டியூபைத் தண்ணீரில் முக்கிக் குமிழ் வருமிடத்தைக் கண்டுபிடித்து, உப்புத்தாளால் தேய்த்து, பசை தடவி, அது காயும்வரை பொறுத்து ஒட்டினோம். பசை ஈரமாக இருக்கும்போது ஒட்டினால் நிற்காது. ஒட்டுவதைவிட முக்கியம், டயருக்குள் இருக்கும் முள்ளை எடுப்பது. விட்டுவிட்டால் அடுத்த கிலோமீட்டரில் மறுபடி இறங்கும். விரலால் தடவினால் விரல் கிழியும். நான் பையிலிருந்த வெட்டுத்துணியை டயரின் உட்பக்கம் சுற்றிலும் இழுத்தேன். முள் நுனி இருந்த இடத்தில் நூல் மாட்டிக்கொண்டது. ஒன்று இல்லை, இரண்டு.

வேலை நடக்கும்போது ஆச்சி பேசிக்கொண்டே இருந்தார். கூட்டிலிருந்து விழும் குஞ்சை எடுத்துக் காப்பாற்றுவது பற்றி, கோடையில் குளம் வற்றியதும் பறவை எச்சம் கலந்த வண்டலை வயலுக்கு அள்ளுவது பற்றி. தீபாவளிக்கு இங்கே வெடி போடுவதில்லையாமே என்று கேட்டேன்.

"எனக்கு வெவரம் தெரிஞ்ச நாள்லயிருந்து கெடையாது. பிள்ளப்பேறுக்கு வந்த மவ வீட்டுல இருக்கும்போது வாசல்ல வெடி போடுவியளா?"

இந்த ஊர் 1994ல் பறவைகள் சரணாலயம் ஆனது. இப்போது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களைச் சேர்க்கிற ராம்சர் பட்டியலிலும் இருக்கிறது. ஆனால் எந்தப் பட்டியலும் வருவதற்கு முன்பே இவர்கள் இப்படித்தான் இருந்திருக்கிறார்கள். சத்தமில்லாமல் எத்தனை தீபாவளிகள்! அந்த ஊர்ப் பிள்ளைகள் வெடிக்காத வெடியினால் நான் அன்றைக்கு அந்த வாத்தைப் பார்த்தேன். கண் திறந்த நாளிலிருந்து எங்கே வைப்பதென்று தெரியாமல் சுமந்த நன்றிக்கு ஆட்கள் இருக்கிறார்கள் என்று அங்கேதான் புரிந்தது: லென்ஸ் வைத்த டாக்டர், ஷட்டர் திறந்தவர், இந்த ஆச்சி.

ஆச்சி என்ன தொழில் என்று கேட்டார். தையல் என்றதும் உள்ளே போய்த் தன் ரவிக்கை ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். அக்குளில் நைந்து, கையால் பல தடவை மூட்டியிருந்தது. அளவுக்கு இதை எடுத்துப்போகட்டுமா, புதிதாகத் தைத்து வருகிறேன் என்றேன். காசு பேச்சு எடுத்தார். தண்ணீர் கொடுத்தீர்களே ஆச்சி, அது போதும் என்றேன். என்ன நிறம் வேண்டும் என்று கேட்டபோது யோசிக்கவேயில்லை. குளத்தைக் கை காட்டினார். நாணல் ஓரத்தில் ஒரு நீலத் தாழைக்கோழி நீண்ட விரல்களை வைத்து நடந்துகொண்டிருந்தது.

"அந்தா திரியுதே, அந்தக் கோழி நெறத்துல."

9 மணிக்குக் கிளம்பினோம். அங்கேதான் இன்னொரு தவறு செய்திருந்தேன் என்று தெரிந்தது. தை மாதத்தில் எங்கள் பக்கம் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வரும், வெயில் ஏற ஏறப் பலக்கும். போகும்போது காற்று அடங்கிய இருட்டில் போனதால் தெரியவில்லை. திரும்பும்போது முகத்துக்கு நேரே. முடிந்தவரை, காற்றை எதிர்த்துப் போகவேண்டிய பாதியைக் காலையில் வைத்துக்கொள்வது நல்லது. முடியாத ஊருக்கு, இன்னும் ஒரு மணி நேரம் முந்தித் திரும்ப வேண்டும். கியர் இல்லாத சைக்கிளில் அந்தக் காற்றில் முதல் 5 கிலோமீட்டர் வேகத்தைப் பிடித்து வைக்கப் பார்த்தேன், மூச்சு வாங்கியது. அப்புறம் வாத்து ஞாபகம் வந்தது. ஏற்றத்தில் விட்டுக்கொடுத்து, நடக்கிற வேகத்தில் ஏறி, இறக்கத்தில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு, பனை மரத்துக்குப் பனை மரம் போனேன். 3 இடத்தில் உட்கார்ந்தோம். வீடு சேர 12.30 ஆனது.

அன்றிலிருந்து தையல் அளவு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கங்களில் ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். ஒவ்வொரு தடவை போய்வந்ததும் பார்த்தது ஒன்று, அதைப் பார்க்க விட்டவர் ஒருவர். தூரம் எழுதுவதில்லை. "சீவலப்பேரி, மீன்கொத்தி, பாலத்தின் கைப்பிடிச் சுவர் கட்டியவர்." "விடிவெள்ளி; பால்காரர், நாயை அதட்டியதற்கு." பொதுவாக எல்லாவற்றுக்கும் நன்றி என்று எழுதினால் எனக்கு மறுநாளே மறந்துவிடுகிறது. ஒரு ஆளை எழுதினால், அடுத்த தடவை அவரைப் பார்க்கும்போது ஒரு வார்த்தை சொல்லத் தோன்றுகிறது. பால்காரரிடம் சொல்லியும்விட்டேன்.

ரவிக்கைத் துணிக்கு 4 கடை ஏறினேன். நீலம் என்று எடுத்தால் ஊதா குறைகிறது, ஊதா என்று எடுத்தால் பச்சைச் சாயல் வரவில்லை. கடைசியில் கிடைத்ததை வீட்டு வாசற்படியில், காலை வெளிச்சத்தில் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நூல் பெட்டியில் நீலக் கண்டுகள் மட்டும் 17 இருந்தன. ஒவ்வொன்றாக ஒரு முழம் இழுத்துத் துணிமேல் போட்டுப் பார்த்தேன். 14ஆவது நூல் துணிக்குள் போய் மறைந்துவிட்டது. அதைத்தான் மெஷினில் கோத்திருக்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை 3.30க்கே கிளம்புவதாகத் தம்பி மகனிடம் சொல்லியாகிவிட்டது.